ஓடும் குவாட்டர்பேக்கை மடக்குவது எப்படி? கல்லூரி ஃபுட்பால் டிஃபென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பார்க்கத் தொடங்கிய தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டவுன், யார்டு, டச்டவுன் போன்ற அடிப்படைகள் தெரிந்தால் போதும், மற்றதை அங்கங்கே விளக்கியிருக்கிறேன்.

மொபைல் குவாட்டர்பேக் என்று யாரைச் சொல்கிறார்கள்?

பந்தை எறிவதோடு நிற்காமல் தன் காலாலும் யார்டு சேர்ப்பவரை. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், குவாட்டர்பேக் ஓட வேண்டும் என்றே கோச் ஆட்டத்தை வகுத்திருப்பார். 2010-இல் ஆபர்ன் அணிக்கு ஆடிய கேம் நியூட்டன் அப்படித்தான் ஒரே சீசனில் 1,473 யார்டு ஓடி, ஓட்டத்திலேயே 20 டச்டவுன் போட்டார். இரண்டாவது வகையில், பந்தை எறியத்தான் பின்வாங்குவார். எறிய ஆள் கிடைக்காமல் போனதும் கிடைத்த சந்தில் புகுந்து ஓடுவார். டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மான்சியல் இதில் பேர்போனவர்.

முதல் வகையை அடக்க லைன்பேக்கர்களும் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) டிஃபென்சிவ் எண்டுகளும் (முன்வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள்) தங்கள் வேலையைப் பிசகாமல் செய்ய வேண்டும். இரண்டாவது வகையை அடக்குவது பாஸ் ரஷ்ஷின், அதாவது எறிய நிற்பவரை நோக்கிப் பாயும் ஆட்களின் ஒழுங்கைப் பொறுத்தது. லூயிவில் அணியின் லமார் ஜாக்சன், டெக்சஸ் அணியின் வின்ஸ் யங் போல இரண்டும் கைவந்த ஆள் எதிரே வந்தால் இரண்டு திட்டமும் வேண்டும்.

ஒருவர் ஓடுவதால் என்ன பெரிய மாற்றம்? டிஃபென்ஸில் 11 பேர் இருக்கிறார்களே?

எல்லாம் தலைக்கணக்குதான்.

ஓடாத குவாட்டர்பேக், பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்ததும் வெறும் பார்வையாளர். பந்து வைத்திருப்பவர் ஒருவர், மிச்சம் 9 பேர்தான் பிளாக் செய்ய, அதாவது எதிராளியை மறித்துத் தடுக்க முடியும். எதிரே 11 பேர். ஒரு சேஃப்டியைப் பின்னால் காவலுக்கு நிறுத்தினாலும், பிளாக் ஆகாத ஒருவர் டிஃபென்ஸின் கையில் இருப்பார்.

குவாட்டர்பேக்கும் ஓடக்கூடியவர் என்றால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். ஆஃபென்ஸ் ஒரு டிஃபென்சிவ் எண்டைத் தொடாமலே விட்டுவிடும். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, அதற்கு எதிரானதை குவாட்டர்பேக் செய்வார். அவர் எந்தப் பக்கம் போனாலும் தவறாகிவிடுவதால், ஒரு பிளாக்கரைச் செலவழிக்காமலே அவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது 9 பிளாக்கர்கள், பார்வையாலேயே கட்டிப்போட்ட ஒருவர், ஆக 10 பேருக்குக் கணக்கு சரி. பதினொன்றாமவர் ஆழத்தில் நிற்கும் அந்த சேஃப்டி. அவரை முன்னால் கொண்டுவந்தால் தலைக்கு மேலே எறிந்துவிடுவார்கள்.

டிஃபென்ஸ் கோச்சுகள் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரு ஆளுக்காகத்தான். எங்கிருந்து அவரைக் கடன் வாங்குவது, பதிலுக்கு எதை விட்டுக்கொடுப்பது? எல்லாவற்றையும் அடைக்க 11 பேர் போதாது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே தெளிவாக முடிவெடுத்த அணிதான் மொபைல் குவாட்டர்பேக்குக்கு எதிராகத் தாக்குப்பிடிக்கிறது. என் பதில்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஸோன் ரீட் ஆட்டத்தை எப்படி அடைப்பது?

1990-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் சின்னஞ்சிறு கிளென்வில் ஸ்டேட் கல்லூரியில் ரிச் ரோட்ரிகஸ் வளர்த்தெடுத்த ஆட்டம் இது. இன்று இதன் ஏதோ ஒரு வடிவம் இல்லாத கல்லூரி அணியைக் காண்பது அரிது.

குவாட்டர்பேக் ஷாட்கன்னில், அதாவது சென்டருக்குச் சில யார்டு பின்னால் நிற்கிறார். பந்து வந்ததும் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் அதை வைக்கிறார், ஆனால் விடுவதில்லை. கண் முழுக்க யாரும் பிளாக் செய்யாத அந்த டிஃபென்சிவ் எண்டின் மேல். எண்ட் உள்ளே பாய்ந்து ரன்னிங் பேக்கைப் பிடிக்கப் போனால், பந்தை உருவிக்கொண்டு அவர் விட்டுப்போன இடத்தின் வழியே குவாட்டர்பேக் ஓடிவிடுவார். எண்ட் நின்றுவிட்டால், பந்து ரன்னிங் பேக்குக்கு. இந்த முடிவுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

டிஃபென்ஸின் பழைய, நல்ல பதில் ஸ்க்ரேப் எக்ஸ்சேஞ்ச். எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய்வார். குவாட்டர்பேக் “மாட்டினார்” என்று நினைத்துப் பந்தை உருவிக்கொண்டு வெளியே வருவார். அங்கே லைன்பேக்கர் ஏற்கெனவே சுற்றிவந்து காத்திருப்பார். இருவரும் தங்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதையே இரண்டு மூன்று முறை செய்தால் எதிர் கோச் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த முறை ஒரு டைட் எண்ட் (ஆஃபென்ஸ் லைனின் ஓரத்தில் நிற்பவர்), டிஃபென்சிவ் எண்டைத் தொடாமல் சுற்றிப்போய் நேராக அந்த லைன்பேக்கரைப் பிளாக் செய்வார். வழி திறந்துவிடும். அதனால் நல்ல அணிகள் கலந்து ஆடுகின்றன. சில முறை எண்ட் பாய்வார். சில முறை தோள் கோட்டுக்கு நேராக இருக்கும்படி, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி வைத்து, இரண்டுக்கும் நடுவில் தொங்கலாக நிற்பார். குவாட்டர்பேக்கால் உடனே முடிவெடுக்க முடியாது, பந்து கைமாறத் தாமதமாகும், அதற்குள் உள்ளேயிருக்கும் டிஃபென்சிவ் டேக்கிள்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். எனக்கு இந்த இரண்டாவது முறைதான் அதிகம் பிடிக்கும். பார்ப்பதற்கு எண்ட் ஒன்றுமே செய்யாதது போலிருக்கும், புள்ளிவிவரத்திலும் அவர் பெயர் வராது. அந்த ஆட்டத்தைக் கெடுத்தவர் அவர்தான்.

பந்து யாரிடம் போக வேண்டும் என்று டிஃபென்ஸ் விரும்பும்?

பெரும்பாலும் ரன்னிங் பேக்கிடம். குவாட்டர்பேக் அபாயமானவர் என்றால் அவர் கையிலிருந்து பந்தைப் பிரிப்பதே முதல் வெற்றி. ரன்னிங் பேக் நடுவில் நான்கு யார்டு எடுத்தால் எடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

நேர்மாறாக நினைக்கும் கோச்சுகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் குவாட்டர்பேக்கையே ஓட வைத்து, ஒவ்வொரு முறையும் சட்டப்படி இடித்துத் தள்ளினால், நான்காவது குவார்ட்டரில் அவருக்கே ஓடும் ஆசை குறைந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. லைன்பேக்கர்கள் வேகமாக இருந்தால் இதுவும் பலிக்கும். இல்லையென்றால் ஒரே ஒரு தவறுக்கு 70 யார்டு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பாஸ் எறியப் பின்வாங்கும்போது தப்பி ஓடுகிறாரே, அதை எப்படித் தடுப்பது?

சாதாரண குவாட்டர்பேக் என்றால் நான்கு ரஷ்ஷர்களும் அவரவர் வேகத்தில் முட்டிமோதிப் போய்ச் சேர்ந்தால் போதும். மொபைல் குவாட்டர்பேக் முன்னால் அப்படிப் போனால், யாராவது ஒருவர் அவரைத் தாண்டிப் பின்னால் போய்விடுவார். அந்த இடம் ஓட்டை. இன்னொருவர் உள்ளே வெட்டிப் போவார். அதுவும் ஓட்டை.

கபடியில் பாடி வருபவரை ஒருவர் மட்டும் அவசரப்பட்டுப் பாய்ந்து பிடிக்கப் போனால் என்ன ஆகும்? சங்கிலி அறுந்து, அந்த வழியாகவே அவர் கோட்டைத் தொட்டுவிடுவார். இங்கேயும் அதேதான். இரண்டு எண்டுகளும் குவாட்டர்பேக் நிற்கும் ஆழத்தைத் தாண்டக்கூடாது. உள்ளே இருக்கும் இரண்டு டேக்கிள்களும் எதிரிலிருக்கும் பிளாக்கரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே, கையை உயர்த்தி, இரண்டு பக்கமும் பார்த்தபடி முன்னேற வேண்டும். நால்வரும் சேர்ந்து கூண்டை மெல்ல மெல்லச் சுருக்குவது போல. சாக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எண்ணிக்கை குறையலாம், அதற்கு வருத்தப்படக்கூடாது. கூண்டுக்குள் நின்றபடி அவரை எறிய வைப்பதுதான் நோக்கம்.

கூண்டு ஒரு பக்கம் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2006 ஜனவரி 4, ரோஸ் பவுல் இறுதிப்போட்டியைவிடப் பெரிய சான்று கிடையாது. யு.எஸ்.சி. 38, டெக்சஸ் 33. நான்காவது டவுன், ஐந்து யார்டு வேண்டும், அரை நிமிடம்கூட இல்லை. வின்ஸ் யங் எறியத்தான் பின்வாங்கினார். ஆள் கிடைக்கவில்லை. வலது ஓரம் திறந்து கிடந்தது. எண்ட் ஸோனின் மூலைக்கு ஓடி டச்டவுன் போட்டபோது மீதியிருந்தது 19 நொடி. முடிவு 41-38. அன்று யங் ஓடியது மட்டுமே 200 யார்டு, எறிந்தது 267. யு.எஸ்.சி.யின் 34 ஆட்டத் தொடர் வெற்றி அந்த ஒரு ஓரத்தில் முடிந்துபோனது.

இன்னொரு விஷயம்: வலதுகைக்காரரை அவருடைய இடது பக்கம் ஓட வைக்கப் பார்ப்பார்கள். இடப்பக்கம் ஓடிக்கொண்டே வலக்கையால் எறிவது கடினம். உடலைத் திருப்ப வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். எனவே வலது ஓரத்தை இறுக்கி, இடது ஓரத்தில் கொஞ்சம் தளர்வு காட்டுவது பல அணிகளின் வழக்கம்.

அவரை மட்டும் கவனிக்க ஒரு ஸ்பை வைத்தால் போதாதா?

ஸ்பை என்பது, வேறு வேலை எதுவும் இல்லாமல் குவாட்டர்பேக் எங்கே போனாலும் கூடவே நகரும் ஒருவர். அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. டிவி வர்ணனையாளர்களும் “ஸ்பை எங்கே?” என்று அடிக்கடி கேட்பார்கள். என் பார்வையில் ஸ்பைக்குக் கிடைக்கும் மதிப்பு மிக அதிகம்.

முதல் சிக்கல், ஸ்பை வேலைக்கு ஆள் வேண்டும். ரஷ்ஷிலிருந்து எடுத்தால் குவாட்டர்பேக்குக்கு எறிய நேரம் கூடும். கவரேஜிலிருந்து, அதாவது ரிசீவர்களைக் காப்பவர்களிலிருந்து எடுத்தால் நடுவில் ஒரு பகுதி காலியாகும். இரண்டாவது சிக்கல், லமார் ஜாக்சன் போன்ற ஒருவரை வெட்டவெளியில் தனியாகப் பிடிக்கக்கூடிய லைன்பேக்கர் எத்தனை பேர்? மெதுவான ஸ்பை வெறும் பக்கத்து சீட்டு ரசிகர்தான்.

மூன்றாவது டவுனில் ஏழெட்டு யார்டு வேண்டும் என்ற நிலையில், கவனமாகத் தேர்ந்தெடுத்த சில ஆட்டங்களில் ஸ்பை நன்றாக வேலை செய்யும். கூண்டு ஒழுங்காக இருந்தால், தப்பி வரும் ஒரே வாசலில் அவர் நின்றுகொள்ளலாம். கூண்டே உடைந்திருந்தால் ஸ்பை காப்பாற்ற மாட்டார்.

இதற்கு அயோவா ஸ்டேட் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஜான் ஹீகாக் வகுத்த அவர்களுடைய டிஃபென்ஸில் முன்னால் மூன்று லைன்மேன்கள், பின்னால் மூன்று சேஃப்டிகள். நடு சேஃப்டி ஆழத்தில் நின்று ஆட்டம் முழுவதையும் பார்க்கிறார். ஓட்டம் என்று தெரிந்ததும் லைன்பேக்கர் போல முன்னால் வருகிறார். தொலைவிலிருந்து வருவதால் ஆஃபென்சிவ் லைனால் அவரை எளிதில் பிளாக் செய்ய முடிவதில்லை. 2017 அக்டோபரில் பேக்கர் மேஃபீல்டின் ஓக்லஹோமாவை அந்த அணியின் சொந்த மைதானத்திலேயே 38-31 என்று வென்றபோதுதான் நாடு முழுக்க இதைத் திரும்பிப் பார்த்தது.

மேன் கவரேஜா, ஸோன் கவரேஜா?

மேன் என்றால் ஒவ்வொரு டிஃபெண்டரும் ஒரு ரிசீவரைத் துரத்துவார். குவாட்டர்பேக்குக்கு முதுகைக் காட்டித்தான் ஓட வேண்டும். அவர் ஓடத் தொடங்கி 15 யார்டு போன பிறகே தெரியவரும். ஸோன் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி, கண் எப்போதும் குவாட்டர்பேக் மேல். அதனால் ஸோன்தான் பொதுவாகப் பாதுகாப்பு.

ஆனால் குவாட்டர்பேக் நான்கு, ஐந்து நொடி அங்குமிங்கும் ஓடிக் காலம் கடத்தினால் ஸோனும் கிழிந்துவிடும். அப்போது கவரேஜில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பகுதியை விட்டுவிட்டு, அருகிலிருக்கும் ரிசீவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. 2012 நவம்பரில் அலபாமாவுக்கு எதிராக மான்சியல் தன் அணி லைன்மேன் மீதே மோதினார். பந்து கையிலிருந்து எகிறியது. அதைக் காற்றிலேயே பிடித்து, இடப்பக்கம் ஓடி, எண்ட் ஸோனில் தனியாக நின்ற ரயன் ஸ்வோப்புக்கு எறிந்தார். முதல் இடத்திலிருந்த அலபாமா அன்று 29-24 என்று தோற்றது. சாக் என்று நினைத்து ஒரு கணம் நின்றுவிட்டால் இவ்வளவுதான்.

பிளிட்ஸ் செய்வது தற்கொலை என்கிறார்களே?

பிளிட்ஸ் என்பது வழக்கமான நால்வரைவிட அதிகம் பேரைக் குவாட்டர்பேக் மேல் பாய அனுப்புவது. கண்ணை மூடிக்கொண்டு செய்தால் ஆமாம். ஆறு பேரை அனுப்பி, அத்தனை பேரும் தவறவிட்டால் பின்னால் யாரும் இல்லை. ஆனால் 2016 நவம்பர் 17-ஐ மறக்கக்கூடாது. அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வெல்லவிருந்த லமார் ஜாக்சனை ஹியூஸ்டன் 11 முறை சாக் செய்தது. பாதி ஆட்டத்திலேயே 31-0, முடிவில் 36-10. நடுவில் எட் ஆலிவர் என்ற முதலாண்டு மாணவர் லூயிவில் லைனை நிலைகுலைய வைத்தார். நடுவிலிருந்து நெருக்கடி வந்தால் குவாட்டர்பேக்கால் முன்னால் அடியெடுத்து வைக்க முடியாது. வெளியேதான் ஓட வேண்டும், வெளியே ஆள் காத்திருப்பார்கள். டிசம்பர் 31 அன்று சிட்ரஸ் பவுலில் எல்.எஸ்.யு.வும் அவரை எட்டு முறை சாக் செய்து 29-9 என்று வென்றது.

ஒரு ஓரத்திலிருந்து மட்டும் பிளிட்ஸ் அனுப்புவதைவிட, நடுவை இடித்துவிட்டு இரண்டு ஓரத்தையும் பூட்டுவதே உருப்படியான வழி என்பது அந்த இரண்டு ஆட்டங்களையும் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஒரே குவாட்டர்பேக் ஒரு வாரம் சிங்கம், இன்னொரு வாரம் பூனை. எப்படி?

2024 நவம்பர் 9: அலபாமாவின் ஜேலன் மில்ரோ எல்.எஸ்.யு.வுக்கு எதிராக 12 ஓட்டத்தில் 185 யார்டு, நான்கு டச்டவுன். முடிவு 42-13. அதே மாதம் 23: ஓக்லஹோமாவுக்கு எதிராக 15 ஓட்டத்தில் 7 யார்டு, மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்). ஓக்லஹோமா 24-3 என்று வென்றது.

அதே கால்கள்தான். ஓக்லஹோமாவின் பிரெண்ட் வெனபிள்ஸ் டிஃபென்ஸிலேயே ஊறிய கோச். அவர் அணி ஓரங்களை விட்டுக்கொடுக்கவில்லை. அதைவிட முக்கியம், ஓக்லஹோமா முன்னிலை பெற்றுவிட்டது. 20 புள்ளி பின்தங்கிய அணி ஓடிக்கொண்டிருக்க முடியாது. எறிந்துதான் ஆக வேண்டும், எறிவது எதிரிக்கும் தெரியும். மூன்றில் ஒரு இன்டர்செப்ஷனை லைன்பேக்கர் கிப் லூயிஸ் 49 யார்டு கொண்டுபோய் டச்டவுன் ஆக்கினார். ஸ்கோர்போர்டும் டிஃபென்ஸின் ஒரு பகுதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஏழு யார்டைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழந்த யார்டை குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் அப்படிக் கழிப்பதில்லை.

என்.எஃப்.எல்.-ஐவிடக் கல்லூரியில் இது ஏன் கடினம்?

முதலில் மைதானம். அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் கல்லூரி மைதானத்தில் ஹாஷ் கோடுகளுக்கு (பந்தை இந்த இரண்டுக்கும் இடையில்தான் வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள்) இடையே 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18.5 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த அகலமான பக்கம் ஓடும் குவாட்டர்பேக்குக்குப் பொன்னான இடம். அதனால்தான் பல அணிகள் அகலமான பக்கத்திலிருந்து நெருக்கடி கொடுத்து, அவரைக் குறுகிய பக்கம் விரட்டுகின்றன.

அடுத்து, பாஸ் ஆட்டத்தில் லைன்மேன்கள் மூன்று யார்டு வரை முன்னேறலாம். என்.எஃப்.எல்.-இல் ஒரு யார்டுதான். லைன்மேன் முன்னால் வருவதைப் பார்த்து ஓட்டம் என்று லைன்பேக்கர் முடிவெடுத்தால், அவர் தலைக்கு மேலே பந்து போகும்.

டிஃபென்ஸுக்குச் சாதகமான விதியும் ஒன்று உண்டு. கல்லூரியில் முழங்காலோ முழங்கையோ தரையில் பட்டால், யாரும் தொடாவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. அவரே கால் வழுக்கி விழுந்தாலும் போதும்.

அவரை இடிக்கும்போது பெனால்டி வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஓடும் வரை அவரும் மற்ற ஓட்டக்காரர் போலத்தான். காலை நீட்டிச் சறுக்கத் தொடங்கியதும் ஆட்டம் முடிந்தது, அதற்கு மேல் தொடக்கூடாது. தலையைக் குறிவைத்தால் டார்கெட்டிங்: 15 யார்டு, ஆட்டத்திலிருந்தும் வெளியேற்றம்.

2021-இல் ஏ.சி.சி. என்ற கல்லூரி லீக்கின் இறுதிப்போட்டியில் பிட்ஸ்பர்க்கின் கென்னி பிக்கெட் சறுக்குவது போல் பாவனை காட்டினார். டிஃபெண்டர்கள் தயங்கினார்கள், அவர் 58 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். சில நாளிலேயே, பாவனை காட்டிய இடத்திலேயே ஆட்டம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. நியாயமான முடிவு.

இடிப்பதைவிடக் கோணம் முக்கியம். உள்ளிருந்து வெளியே துரத்த வேண்டும், அருகிலிருக்கும் இடுப்பைப் பார்த்துப் போக வேண்டும், பாயக்கூடாது. தோள் அசைவைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், இடுப்பு பொய் சொல்லாது.

ஒரே வாரத்தில் எப்படித் தயாராவார்கள்?

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி. அதற்குள், எதிரணி குவாட்டர்பேக் போல ஆடிக்காட்ட ஸ்கவுட் டீமில் ஒருவரை நிறுத்துவார்கள். பள்ளியில் குவாட்டர்பேக் ஆடி, இப்போது ரிசீவராக இருக்கும் வேகமான மாணவர் அடிக்கடி இந்த வேலைக்கு வருவார். ஆனாலும் நிஜ வேகத்தைப் பயிற்சியில் கொண்டுவர முடியாது. முதல் குவார்ட்டரில் கோணங்கள் தவறுவது அதனால்தான்.

ராணுவ, கடற்படைக் கல்லூரி அணிகளான ஆர்மி, நேவி ஆடும் ட்ரிபிள் ஆப்ஷனுக்கும் இதே வைத்தியமா?

இல்லை. அங்கே பந்து மூவரில் யாரிடமும் போகலாம்: நடுவில் ஃபுல்பேக், அடுத்து குவாட்டர்பேக், கடைசியில் பக்கவாட்டில் எறியும் பிட்ச்சை வாங்குபவர். மூவருக்கும் டிஃபென்ஸில் தனித்தனி ஆள். உங்களுக்குக் கொடுத்த ஆளிடம் பந்து இருக்கிறதோ இல்லையோ, அவரை இடித்தே ஆக வேண்டும்.

டிவியில் பார்க்கும்போது எதைக் கவனித்தால் இதெல்லாம் புரியும்?

ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் அனுப்பியதும், பந்தை விட்டுவிட்டு, பிளாக் ஆகாமல் நிற்கும் டிஃபென்சிவ் எண்டைப் பாருங்கள். பாய்கிறாரா, நிற்கிறாரா, அவர் பாய்ந்தால் அந்த இடத்துக்கு யார் வருகிறார்? பாஸ் என்றால், எண்ட் குவாட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போனாரா என்று மட்டும் பாருங்கள். பழகுவதற்கு 2024 ஜனவரி 1 ரோஸ் பவுல் மறுஒளிபரப்பு நல்லது. மிச்சிகன் அன்று மில்ரோவை ஆறு முறை சாக் செய்தது, அதில் ஐந்து முதல் பாதியில். ஓவர்டைமில் 27-20 முன்னிலை, நான்காவது டவுன், கோலுக்கு மூன்று யார்டு. மில்ரோ ஓடுவார் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாழ்வாக வந்த ஸ்னாப்பை எடுத்து நடுவில் புகுந்தார். அந்த ஆட்டத்தை ஒரு முறை மில்ரோவைப் பார்த்து ஓடவிடுங்கள், அப்புறம் மிச்சிகன் லைனை மட்டும் பார்த்து இன்னொரு முறை.